மீட்டர் பார்க்க வந்தவர்

ரெஜ் ஹாப்வுட் இருபத்திரண்டு வருடங்களாகத் தொலைக்காட்சியில் தலைகாட்டிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர், பாதிரியார், தபால்காரர், பல் டாக்டர் என்று எல்லாமே வந்ததும் போய்விடும் வேஷங்கள். லண்டன் தெருக்களில் ஜனங்கள் எங்கோ பார்த்த முகமென்று அவரை நிறுத்தி, "எங்க வீட்டுக் குழாய ரிப்பேர் பண்ணது நீங்கதானே?" என்பார்கள். "ஆமா, இப்ப ஒழுகலையே?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்.

1974 அக்டோபரில் ஒரு நகைச்சுவைத் தொடரில், வீடுகளுக்குக் குழாயில் வரும் காஸுக்கு மீட்டர் பார்க்க வருபவர் வேஷம் கிடைத்தது. காஸ் திருடும் விடுதிக்காரர் அலமாரிக்குள் ஒளிந்திருப்பார். ரெஜ் உள்ளே வந்து, "மீட்டர் எங்கே?" என்று கேட்க வேண்டும். உடனே விடுதிக்காரர் வெளியே பாய்வார். அவ்வளவுதான். விடுதிக்காரராக நடித்தவர் லெஸ்லி கார்மைக்கேல், நாடறிந்த நட்சத்திரம். ஒத்திகையில் ரெஜ் லேசாகத் தும்மியதற்கே, "யோவ், சிரிப்பு எனக்கு. உனக்கு ஒரு வரி. ஞாபகம் இருக்கட்டும்!" என்று எரிந்து விழுந்தவர்.

படப்பிடிப்பன்று அதைப் பார்த்துச் சிரிக்க வந்த முந்நூறு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது வரிசையில் ரெஜின் மனைவி வின்னி.

ரெஜ் வந்தார். வரியைச் சொன்னார். அலமாரி திறக்கவில்லை.

புதுப் பெயின்டில் கதவு ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளேயிருந்து லெஸ்லி தட்டும் சத்தம். 'நிறுத்து' என்று யாராவது கத்துவார்களென்று ரெஜ் பார்த்தார். ஒருவரும் கத்தவில்லை. கேமரா அவர் முகத்தைப் பார்த்தபடியே இருந்தது.

அவர் நிதானமாக அலமாரியிடம் போனார். காதை வைத்துக் கேட்டார். இரண்டு தட்டு தட்டினார். உள்ளேயிருந்தும் இரண்டு தட்டு வந்தது. ரெஜ் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

முதலில் வெடித்தது வின்னியின் சிரிப்பு. பிறகு அரங்கமே சிரித்தது.

"உள்ள இருக்கறது மீட்டரா?" என்றார் ரெஜ்.

உள்ளே தட்டுவது நின்றது. பிறகு லெஸ்லியின் குரல், "ஆமா!"

"எவ்வளவு காட்டுது?"

"நாலாயிரத்து எழுநூறு!"

"போன தடவை அஞ்சாயிரம்ல இருந்துது?"

"எளைச்சுட்டேன்!"

கூரை பறந்துவிடும் போலிருந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கதவு பிய்த்துக்கொண்டு திறக்க, லெஸ்லி குப்புற வந்து விழுந்தார். ரெஜ் அவரைக் குனிந்து பார்த்து, "மீட்டர் கழண்டு விழுந்துடுச்சு" என்று எழுதிக்கொண்டு வெளியேறினார்.

ஒப்பனை அறைக்குப் போனதும்தான் செய்த காரியம் உறைத்தது. நட்சத்திரத்தின் சிரிப்பைப் பங்குபோட்டுக்கொண்டாயிற்று. இனி இந்த ஸ்டுடியோ வாசலை மிதிக்க முடியாது என்று தோன்றியது. கதவு படாரென்று திறந்தது. மூக்கெல்லாம் பெயின்டோடு லெஸ்லி நின்றார். பின்னால் மூச்சிரைக்க இயக்குநர் பமீலா.

"இத்தன வருஷமா எங்கய்யா ஒளிஞ்சிருந்த?" என்றார் லெஸ்லி.

"நான்... ஒளியலையே. போலீஸ்காரனா வந்து உங்களயே ரெண்டு தடவ கைது பண்ணியிருக்கேன்."

லெஸ்லி விழுந்து விழுந்து சிரித்தார். பமீலா ரெஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வாரமும் வாங்க. இனிமே எல்லா வாரமும் வாங்க. உங்க வேஷத்துக்கு ஒரு பேரு வேணும், சட்டுனு சொல்லுங்க!"

இருபத்திரண்டு வருடங்களில் அவர் நடித்த வேஷம் எதற்கும் பெயர் இருந்ததில்லை. "டில்லட்சன்" என்றார், ஏன் அந்தப் பெயர் வாயில் வந்தது என்றே தெரியாமல்.

வாசலில் காத்திருந்த வின்னியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் கைப்பையால் அவர் தோளில் ஓங்கி அடித்தாள். "பொய் சொன்னா கொன்னுடுவேன், ரெஜ்!"

"சத்தியமா, கண்ணு!"

அவள் நடைபாதையிலேயே குதித்தாள்.

திங்கட்கிழமை புதுக் கதைத்தாள் கைக்கு வந்தது. டில்லட்சனுக்குப் பன்னிரண்டு பக்கம்! பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். இறங்கவேண்டிய இடம் போனது தெரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் மேலே ஏறிவந்தார்.

"பெரியவரே, பஸ் இதுக்கு மேல போகாது."

"இன்னும் மூணு பக்கம்தான் தம்பி" என்றார் ரெஜ், தலையை நிமிர்த்தாமல்.