அக்கரைப் பூவின் நிறம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. முதிரப்புழை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சத்தியம் செய்வதாகத்தான் இருந்தது. ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லாததால் கரையில் நின்றே செய்தாயிற்று. எதையும் கூட்டவில்லை. காட்டானை வருகிற இடத்தில் மட்டும் அதன் தும்பிக்கையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, நம்ப மாட்டீர்கள் என்று.

சித்திரபுரம் மின்சார வாரியக் குடியிருப்பில் பாண்டித்துரை வாட்ச்மேனாக இருந்தார். போனது என்னவோ லைன்மேன் வேலைக்கு. டாக்டர் ஒருவர் கண், காது, பல் என்று சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு மலையாளத்தில் ஏதோ எழுதினார். மறுநாள் டார்ச்சும் தடியும் கொடுத்து வாட்ச்மேன் ஆக்கிவிட்டார்கள். உயரம் போதவில்லை என்று அவராக நினைத்துக்கொண்டார். ஆள் குள்ளம்தான்.

அவர் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு பாய் விரிக்க இடம் உண்டு. அதில் நாற்பத்தோரு டப்பா. பெயின்ட் டப்பா, எண்ணெய் டின், கழுத்து உடைந்த குடம், மூடி தொலைந்த ஒரு பிரஷர் குக்கர். தரையில் வைத்த செடி வாரியத்துக்குச் சொந்தம், டப்பாவில் வைத்தது நமக்குச் சொந்தம் என்பார். அசேலியா, ஃபுக்சியா, செம்பருத்தி எல்லாம் இருந்தாலும் பாதிக்கு மேல் ஹைட்ராஞ்சியா. முட்டைக்கோஸ் பருமனுக்கு உருண்டையாகப் பூக்கிற செடி. தேயிலை மண் புளிப்பு மண். அதில் சும்மா விட்டால் நீலமாகப் பூக்கும். வேரில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தால் ரோஸாக மாறும். மாற ஒரு வருஷம் எடுக்கும். சுண்ணாம்பு ஊற்றிய டப்பாவில் பாண்டித்துரை அடையாளத்துக்கு ஒரு கூழாங்கல்லைப் போட்டு வைப்பார். கல் இல்லாவிட்டால் எது எது என்று குழம்பிவிடும்.

ஓடைக்கு அக்கரையில் எஸ்டேட் லைன், தேயிலைத் தொழிலாளர் வீட்டு வரிசை. அதில் கடைசி வீடு கத்தரீனாளுடையது. கொழுந்து எடுக்கப் போகிறவள். ஊர் முழுக்க அவரை அண்ணே என்று கூப்பிட, அவள் மட்டும் முறை வைக்காமல் "இங்க பாருங்க" என்பாள். அந்த "இங்க பாருங்க"வில் விழுந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வெட்டி நட்ட ஹைட்ராஞ்சியாக் கொம்பு ஒன்று பெயின்ட் டப்பாவில் வேர் பிடித்ததும், அதைத் தூக்கிக்கொண்டு ஓடைமேல் இருந்த இரும்புப் பாலத்தைத் தாண்டினார். கொடுத்த கையோடு கேட்டும் விட்டார்.

"எங்கூட வந்துருறியா, கத்தரீனா?"

உள்ளே அவள் அம்மா இருமினாள். கத்தரீனாள் குரலைத் தணித்தாள்.

"அம்மா படுத்த படுக்கையாக் கெடக்கு. தம்பி இன்னும் பத்தாங்கிளாஸே தாண்டல. இப்ப என்னத்தச் சொல்ல?"

"அவசரமில்ல."

"வாயால சொன்னா லைன் பூரா கேட்டுரும். பூவுல சொல்லுதேன். நீலமாப் பூத்தா, இன்னும் நேரம் வரலன்னு இருங்க. ரோஸாப் பூத்தா வந்து கூட்டிட்டுப் போங்க."

"ஒரு வருஷம் ஆகுமே."

"ஆகட்டும். வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்பு போதும்ல?"

"தாராளம்."

அந்த வருஷம் லைனில் சுண்ணாம்புப் பஞ்சம் வந்தது. கிழவிகள் வெறும் வெற்றிலையை மென்று பச்சையாகத் துப்பினார்கள். மாதா கோயில் சுவர் ஒரு விரற்கடை மெலிந்தது. சேதி எட்டியதும் பாண்டித்துரை மூன்று ராத்திரி தூங்கவில்லை. நான்காம் நாள் டூட்டியில் தூங்கினார்.

மழைக்கு முன்னால் பூ விரிந்தது. பாலத்தின் நடுவில் போய் நின்று பார்த்தார். நீலம். அப்படியென்றால் சுண்ணாம்பைத் திருடியது வேறு யாரோ என்று முடிவு கட்டித் திரும்பி வந்தார்.

அதற்கடுத்த வருஷம் பூ இன்னும் பெரிசு. மூடுபனியில் ஜீப்காரர்கள் அதை எதிர்வண்டி விளக்கு என்று நினைத்து ஒதுங்கி, ஓடையில் முன்சக்கரத்தை இறக்கினார்கள். காட்டானை ஒன்று லைனுக்குள் வந்து, அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டு, பூவுக்கு முதுகு காட்டக் கூசிப் பின்பக்கமாகவே நடந்து மலையேறியது. பாண்டித்துரைக்கு ஆனை முக்கியமில்லை. பூ நீலம்.

அம்மா செத்த வருஷமும் நீலம். தம்பிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்த வருஷமும் நீலம். தம்பி கல்யாணம் முடித்துப் பெண்டாட்டியோடு அங்கேயே தங்கிவிட்ட வருஷம், இனி தடங்கல் ஏதும் இல்லையே என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு பாலத்துக்குப் போனார். நீலம். சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பேச்சு பூவோடு என்று ஆன பிறகு அவளிடம் நேரில் கேட்பது மரியாதையில்லை.

தினமும் சாயங்காலம் கத்தரீனாள் வாசலுக்கு வந்து, டம்ளரால் மொண்டு டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அதே நேரத்துக்கு இவரும் இந்தப் பக்கம் ஊற்றுவார். ஊற்றி முடித்ததும் அவள் நிமிர்ந்து பாலத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். இவர் தலையசைப்பார். அவளும் அசைப்பாள். அந்த அளவுக்குத்தான் அவர்கள் குடித்தனம். மழை நாளில் செடிக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. இருந்தாலும் குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஊற்றினார்கள்.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் பாண்டித்துரை ரிட்டயர் ஆனார். வாரிய வீட்டைக் காலி செய்து ஆனைக்கரையில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். வாடகை ஜீப் ஓட்டுகிற ஷைஜு வந்து டப்பாக்களை ஏற்றினான்.

"அண்ணே, ஆள் ஒண்ணு, டப்பா நாப்பத்தொண்ணு. ஆளை விட்டுட்டுப் போனா எல்லாம் சுகமா இருக்கும்."

"அஞ்சு நிமிஷம் இருடா."

பாலத்துக்குப் போனார். அக்கரையில் பூ விரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்த அதே நிறம். கத்தரீனாளும் பாலத்துக்கு வந்தாள். தலை பாதி வெளுத்திருந்தது.

"இங்க பாருங்க. போறீகளாம்ல."

"ஆமா. தங்கச்சி வீட்டுக்கு."

"பூத்திருக்கு. பாத்தீகளா?"

"பாத்தேன். ஒரு வருஷம் தப்பாமப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அவள் ஓடைத் தண்ணீரைப் பார்த்தாள்.

"பாத்துட்டுமா போறீக?"

"பாத்ததுனாலதான் போறேன். இனிமேலும் இங்க நின்னு ஒன்னய எதுக்குத் தொந்தரவு பண்ண?"

கத்தரீனாள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய் அந்தப் பெயின்ட் டப்பாவை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாப்பத்திரெண்டா இருக்கட்டும். எனக்கு இனி எதுக்கு?"

ஜீப்பில் பின்னால் இடமில்லை. பாண்டித்துரை அதை மடியில் வைத்துக்கொண்டார். வளைவு திரும்பும் வரை பாலத்தைப் பார்த்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். தலையசைத்தார். இந்தத் தடவை அவள் அசைக்கவில்லை. டப்பாவின் விளிம்பில், உள்பக்கம், வெள்ளையாக ஏதோ தடிமனாகப் படிந்திருந்தது. பழைய பெயின்ட் என்று விரலால் துடைத்துவிட்டார்.

டப்பாவுக்கு அடியில், ரிட்டயர்மென்ட்டுக்கு வாரியம் திருப்பிக் கொடுத்த காகிதக் கட்டுக்குள், வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் எழுதிய தாள் இருந்தது: இவர் கண்ணுக்கு ரோஸும் நீலமும் ஒரே நிறம்.