தரையைப் பார்த்தால் அணைகிற டார்ச்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மடக்கக்கூடாது. என் மேஜைமேல் ஒரு டார்ச் கிடக்கிறது. எரியவில்லை. திறந்து பார்க்கலாம் என்றால் முகப்பு வளையத்தை மூன்று திருகாணிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பள்ளம் நட்சத்திர வடிவம். அதற்கேற்ற திருப்புளி வீட்டில் உண்டு. ஆனால் ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு முளையை வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். திருப்புளியின் நுனி அதில் முட்டிக்கொண்டு, உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. கண்டவர்கள் கை வைக்கக்கூடாது என்றே செய்த திருகாணி. நுனியில் துளை போட்ட திருப்புளி இருந்தால்தான் முளை அந்தத் துளைக்குள் போய் உட்காரும், திருகாணி திரும்பும்.

என்னிடம் அது இல்லை. தலைகீழாக நின்று பார்த்தேன், நடக்கவில்லை. (பல்லால்கூட ஒருமுறை... வேண்டாம், அதை எழுதவில்லை.) இதைத் திறந்தே ஆக வேண்டிய ஒருத்தியைக் கதைக்குள் வைத்தால் அவளாவது வழி கண்டுபிடிப்பாள் என்று பேனாவை எடுத்தேன். சுயநலம்தான்.

2

முதல் தொடக்கம்: "அவளுக்கு இருட்டு என்றால் பயம், அதனால் எப்போதும் கைப்பையில்"

இல்லை. டார்ச் வைத்திருக்கிற பெண்ணுக்கெல்லாம் இருட்டில் பயம் என்று யார் சொன்னது?

இரண்டாவது: "சுரங்கத்துக்குள் இறங்கும் முன் அவள் ஒருமுறை"

சுரங்கத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத இடத்தில் ஒருத்தியை இறக்கிவிட்டு மேலே நின்று வேடிக்கை பார்ப்பது அநியாயம்.

மூன்றாவது நின்றது. அவள் சினிமா தியேட்டரில் வேலை பார்க்கிறாள். படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இருக்கை காட்டுவது அவள் வேலை. தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள், முதுகை வளைத்துக்கொண்டு, ஏதோ திருட வந்தவர்கள்போல. அவள் முன்னால் போய், படியின் விளிம்பு தெரிகிற மாதிரி வெளிச்சத்தை வைப்பாள். யார் முகத்திலும் ஒருநாளும் அடித்ததில்லை.

தியேட்டரில் கொடுத்த டார்ச்சின் வெளிச்சம் வெள்ளை, கண்ணைக் குத்தும். போட்டால் அந்த வரிசையே திரும்பி முறைக்கும், அவள் கூனிக் குறுகிப் போவாள். ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொல்லி வருத்தப்பட்டாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையைக் கழுவிக்கொண்டு வந்து டார்ச்சைப் பிரித்துப் போட்டார். உள்ளே இருந்த எல்இடியை எடுத்துவிட்டு, மஞ்சளாக எரிகிற சின்ன எல்இடி ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தார். வெளிச்சம் தரையோடு பதுங்கிப் போகிற மாதிரி ஆகிவிட்டது. தியேட்டரில் டார்ச்சுகள் எல்லாம் கவுன்ட்டர் இழுப்பறையில் ஒன்றாகக் கிடப்பவை. யாராவது கழற்றி உள்ளே இருப்பதை உருவிவிடுவார்கள். அதனால் பழைய திருகாணிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, லிஃப்ட் பட்டன் பலகைகளுக்குப் போடுகிற முளை வைத்த திருகாணிகளைப் போட்டு மூடினார். அவற்றைக் கழற்றும் பிட்* அவருடைய பையிலேயே இருந்தது.

"இனிமே என்னைத் தவிர யாரும் தொறக்க முடியாது," என்றார். அன்பு வழியச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அது வெறும் தகவல். அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் தகவல்தான்.

* பிட்: திருப்புளியின் கைப்பிடியில் செருகி மாற்றிக்கொள்கிற சின்ன நுனித் துண்டு. தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.

3

அவரைப் பற்றி எனக்கே சந்தேகம் உண்டு. இப்படி ஒரு மனிதர் இருப்பாரா? சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஆள். அவளோ எதையும் நேராகச் சொல்ல வராதவள். ஜன்னல் திறந்திருக்கிறது என்பாள். குளிர்கிறது, சாத்துங்கள் என்று அர்த்தம். அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்து, ஆமாம் என்பார். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். (அந்த நாட்களை வைத்து ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே இருந்ததில் எனக்குச் சலித்துவிட்டது.)

கம்பெனி அவரை வேறு ஊருக்குக் கேட்டது. அங்கே உயர உயரமாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, நல்ல வேலை. போகட்டுமா என்று அவளைக் கேட்டார்.

"உங்களுக்குப் போகணும்னு இருந்தா போங்க," என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அடுப்பில் இருந்த குக்கருக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. பையைக் கட்டினார். அவள் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள், ஒவ்வொன்றையும் தேவைக்குமேல் நீவிவிட்டாள். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, நீயும் வருகிறாயா என்று கேட்டார். தியேட்டரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அதையும் அவர் தகவலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்புறம் போனில் பேசினார்கள். பேச்சு மெல்லச் சுருங்கி, சாப்பிட்டாயிற்றா, அங்கே மழையா என்பதில் வந்து நின்றது. பிறகு அதுவும் இல்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது நடந்திருக்கும். அவர் திரும்பி வந்துவிட வேண்டும், இது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியது. அவருடைய தலையணை உறையை இப்போதும் துவைத்துத் துவைத்து மாட்டுகிறாள். யாரும் தலை வைக்காத தலையணையில் ஏது அழுக்கு என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

4

டார்ச் கெட்டது. அதன் முகப்பை மேலே தூக்கிப் பிடித்தால் எரிகிறது, தரையைப் பார்த்துச் சாய்த்தால் அணைகிறது. கூரைக்கு வெளிச்சம் காட்டி யாரை உட்காரவைப்பது? உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சில படிகள் இறங்குவாள், மறுபடி போய்விடும். பகல் காட்சிக்கு வந்த ஒரு பெரியவர் தடுமாறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் புது டார்ச் ஒன்றைக் கொடுத்தார். அதே வெள்ளை வெளிச்சம். அன்றைக்கு மட்டும் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தியேட்டருக்கு எதிரில் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரர் டார்ச்சை ஆட்டிப் பார்த்து, உள்ளே ஒரு கம்பி விட்டிருக்கும், ஒரு சொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது, ஆனால் இந்தத் திருகாணிக்குத் தன்னிடம் பிட் கிடையாது என்றார். அதனாலென்ன என்று ஒரு சின்ன உளியை எடுத்து முளைமேல் வைத்தார். ஒரு தட்டுத் தட்டினால் முளை தெறித்துவிடும், பிறகு சாதாரணத் திருப்புளியே போதுமாம். சுத்தியலை ஓங்கியும்விட்டார். அவள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"வேணாங்க. தொறக்கிறவர் வெளியூர்ல இருக்கார். அவர் வந்து தொறப்பார்."

"எப்ப வர்றார்?"

டார்ச்சை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்துவிட்டாள்.

(கடைக்காரர் சொன்ன வழி பலிக்கும் என்றுதான் தெரிகிறது. என் டார்ச்சிலும் செய்து பார்க்கலாம். ஆனால் இதை எழுதிய பிறகு எனக்கும் கை வரவில்லை.)

5

அவள் போன் செய்தாள். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் எடுத்தாள். சொன்னது இது:

"டார்ச் எரியல. தொறக்கவும் முடியல."

"அந்த பிட் என்கிட்டதான் இருக்கு."

"ஆமா. உங்ககிட்டதான் இருக்கு."

"சரி, பாத்துக்கிறேன்."

அந்தப் 'பாத்துக்கிறேன்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன பாடுபட்டாள் தெரியுமா? வீட்டைக் கழுவினாள். வாசலில் அவர் செருப்பு விடும் இடத்தைக் காலி செய்தாள். விடுப்பு வேண்டியிருக்கும் என்று மேனேஜரிடம் சொல்லி வைத்தாள். யார் வருகிறார்கள் என்று அவர் கேட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

வந்தது கூரியர்.

6

இந்த இடத்தில் என் முதல் பிரதியில் இருந்ததை அப்படியே தருகிறேன். இனி நடப்பதெல்லாம் இதனால் வந்த வினை.

"உறையைக் கவிழ்த்தாள். பிட் உள்ளங்கையில் விழுந்தது. நுனி நட்சத்திரமாக, நடுவில் ஒரு கீறல்கூட இல்லாமல், முழுசாகப் பளபளத்தது."

எழுதிவிட்டு நானே வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்ட வரி. அதன்பின் முதல் பிரதி நல்லபிள்ளையாக முடிந்துவிடுகிறது. அவள் திருகாணிகளைக் கழற்றுகிறாள், கடைக்காரர் ஈயம் வைக்கிறார், டார்ச் தரையைப் பார்த்தும் எரிகிறது. இனி அவருக்குப் போன் செய்ய ஒரு சாக்கும் இல்லை. பிட்டை அனுப்பிவிட்டவர் நேரில் எதற்கு வரப்போகிறார்? அவ்வளவுதான் கதை. எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அக்காவிடம் கொடுத்தேன். நான் எழுதுகிற எதையும் முதலில் படிக்கிறவள் அவள்தான், ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சாய்ந்து படுத்துக்கொண்டு படித்தாள். பாதியில் எழுந்து உட்கார்ந்தாள்.

"இது உள்ளயே போகாதே. நுனியில ஓட்டை இருக்கணும்னு முதல் பக்கத்துல நீதானே எழுதினே? இங்க கீறல்கூட இல்லங்கிறே. முளை முட்டாதா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. அழகான வரிக்கு ஆசைப்பட்டுத் துளையைக் கோட்டை விட்டிருக்கிறேன். 'நடுவில் துளையோடு' என்று திருத்திவிட்டால் தீர்ந்தது. பேனாவை எடுக்கத்தான் செய்தேன். அதற்குள் கதைக்குள் இருப்பவள் டார்ச்சோடு மேஜைமுன் உட்கார்ந்துவிட்டாள்.

7

அவள் பிட்டைக் கைப்பிடியில் செருகி முதல் திருகாணியில் வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. தன் கைதான் கோணலாக இருக்கிறது என்று நினைத்தாள். அடுத்ததில் வைத்தாள், மூன்றாவதில் வைத்தாள். பிறகு பிட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளை இல்லை.

அவர் அப்படி மாற்றி எடுக்கிற ஆளே இல்லை. லிஃப்ட் குழியின் இருட்டுக்குள் நின்றுகொண்டு, பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே வேண்டிய பிட்டை எடுக்கிறவர். இந்தத் திருகாணிகளைத் தன் கையால் முடுக்கியவர். துளை இல்லாதது சேராது என்று அவருக்குத் தெரியாதா?

அப்படியானால் தெரிந்தே அனுப்பினாரா? சேராது, மறுபடி கூப்பிடுவாள், கூப்பிடட்டும் என்றா? சொன்னதற்கு மேல் ஒரு சொல் அதிகம் புரிந்துகொள்ளாத மனிதர், இத்தனை வருஷம் அவளோடு இருந்துவிட்டு, இப்போது அவள் பாஷையில் பேசிப் பார்க்கிறாரா?

அவள் எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுதிக் கொடுத்த எந்தக் காட்சியிலும் அவள் முகம் இப்படி இருந்ததில்லை.

என் நிலைமையைப் பாருங்கள். அது அவர் அனுப்பிய சேதி என்று அவள் நினைக்கிறாள். எனக்குத் தெரிந்தவரை அது என் கவனக்குறைவு. (எனக்குத் தெரிந்தவரை. அவர் மனசுக்குள் இருப்பதையெல்லாம் நான் எழுதினேனா என்ன?) அதை அவள் கையிலிருந்து பிடுங்கி, துளை போட்டுத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. விடு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அக்காவும் சொன்னாள்.

8

முடிவுகளை எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒன்றில் அவரே சரியான பிட்டோடு வந்து கதவைத் தட்டுகிறார். அடித்துவிட்டேன், அவள் வாயைத் திறக்காமலே எல்லாம் நடந்துவிட்டால், அடுத்த முறையும் திறக்க மாட்டாள். இன்னொன்றில் அவளே உளியை வாங்கி முளைமேல் வைக்கிறாள். "சுத்தியலை ஓங்கியபோது அவளுக்கு" என்பதோடு நின்றுவிட்டது. அவளுக்கு என்ன? தெரியவில்லை, நகரவே இல்லை.

மூன்றாவது நான் எழுதியது அல்ல, அவள் செய்தது. போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்தது, அவர் எடுத்தார். பின்னால் யாரோ இரும்பை இழுத்துப்போகும் சத்தம்.

"நீங்க அனுப்பினது சேரல," என்றாள்.

வழக்கமாக அங்கேயே நிறுத்திவிடுவாள். மீதியை அவரே புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருப்பாள். நானும் அங்கேதான் முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். அவள் நிற்கவில்லை.

"பிட் எனக்கு வேணாம். நீங்க வாங்க. நீங்க இல்லாம என்னால இருக்க முடியல."

அந்தப் பக்கம் இரும்பை இழுக்கிற சத்தம் நின்றது. அவர் ஒதுக்குப்புறமாக நடந்து போகிறார் போல.

அவருடைய பதிலை என்னிடம் கேட்காதீர்கள். ஒரு பிழையைக் காட்டி இவளை இவ்வளவு தூரம் நம்பவைத்த ஆள் நான். பதிலையும் நானே எழுதினால், சொன்னது அவரா நானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடும். அந்த மனிதரை இப்போது உங்களுக்கு என் அளவுக்குத் தெரியும். போன் உங்கள் காதில்தான் இருக்கிறது. வருகிறேன் என்றோ வர முடியாது என்றோ, எதைச் சொன்னாலும் சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அவள் நேராகக் கேட்டுவிட்டாள்.