துடைத்ததெல்லாம் திரும்பிய வீடு

மூன்றாம் மாடி வீட்டில் துடைத்த கறைகள் திரும்பி வரத் தொடங்கியது, வீட்டுக்காரி தரைக்கு வினிகர் வாங்கிய இரண்டாவது வாரம். முதலில் வந்தது காப்பி. முந்தின மாதம் அவள் கணவர் கூடத்தில் தட்டிவிட்ட அதே காப்பி, அதே இடத்தில், நாற்காலிக் காலைச் சுற்றி ஓடிய அதே வளைவோடு காலையில் கிடந்தது. தொட்டால் ஈரம் இல்லை. தேய்த்தால் போகவில்லை. அன்று முழுக்க இருந்துவிட்டு மறுநாள் தானாக மறைந்தது. அதற்குப் பதில், காப்பிக்கு முந்தின வாரம் சின்னவன் எடுத்த வாந்தி கட்டிலடியில் வந்திருந்தது. நாற்றம் இல்லாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரி ஏறி வந்து பார்த்துவிட்டு, "ஓனர் காதுல போட்டுடாதக்கா, இதுக்கும் சேர்த்து வாடகைய ஏத்திடுவான்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாம் மாடி வீட்டுக்காரியைக் கட்டடத்தில் எல்லோரும் பாட்டில்காரி என்றுதான் சொன்னார்கள். தரை கழுவும் திரவம் செய்யும் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாட்டில் நிரப்பியவள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை பீப்பாய் கழுவுவதற்கு முன், அடியில் தங்கிய கெட்டிச் சரக்கை, அதாவது இன்னும் தண்ணீர் கலக்காததை, வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சூப்பர்வைசர் சரியாக அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார். கம்பெனி பாட்டிலில் பிடித்தால் திருட்டு, சொந்த பாட்டிலில் பிடித்தால் சலுகை. அதனால் எல்லோரும் காலி ஜூஸ் பாட்டில் கொண்டு வந்தார்கள். ஒரு மூடி ஊற்றினால் ஒரு வாளித் தண்ணீர் மஞ்சளாகிவிடும், எலுமிச்சை வாசனை வாசல் தாண்டிப் படியிறங்கும். அவள் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம் என்பார்கள், சிலர் குனிந்து பார்க்கவும் பார்த்தார்கள். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். லிப்ட்டின் இரும்புக் கயிற்றுக் கிரீஸ் எந்த சோப்புக்கும் அசையாது. இந்தச் சரக்கில் நாலு சொட்டு விட்டால் தோலோடு கழன்று வரும். ஒரு லிப்ட் கதவு ஏற்கெனவே அவருடைய வலது ஆள்காட்டி விரலின் நுனியைத் தின்றிருந்ததால் மீதி விரல்களை அவர் கவனமாகவே கழுவுவார்.

மூத்தவள் அந்தச் சரக்கில்தான் போனாள். மூன்று வயது. பாட்டிலில் ஆரஞ்சுப் பழம் படம் போட்டிருந்தது, உள்ளே மஞ்சளாக இருந்தது, வேறென்ன நினைப்பாள். அன்று பாட்டில்காரி காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். ராத்திரி வேலை முடித்து அப்போதுதான் வீடு வந்த லிப்ட்காரருக்கு, ஒரு லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டது என்று போன் வந்தது. "கொஞ்சம் மேல போய்ப் பாப்பாவப் பாத்துக்கம்மா" என்று படியில் நின்றபடியே தையல்காரியிடம் கத்திவிட்டு ஓடினார். தையல்காரி அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு ஏறினாள். பால் பொங்கவில்லை. மற்றது முடிந்துவிட்டது.

பாட்டிலின் இடம் குளியலறையில் மேல் தட்டு. கீழே எப்படி வந்தது என்ற கேள்வி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் குளியலறை கழுவியது பாட்டில்காரிதான். "நான்தான் கீழ வெச்சிருப்பேன். நான்தான் மூடாம வெச்சிருப்பேன்" என்று அவளே தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். லிப்ட்காரர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது. அவளை அழைத்து வருவதற்கு முன்பே அவர் தனியாக வீட்டுக்குப் போய், பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றிக் குளியலறையை அழுத்தித் துடைத்து வைத்திருந்தார். வாழ்க்கையில் அவர் தரை துடைத்தது அன்றுதான் முதல் தடவை. பொண்டாட்டி கண்ணில் படக்கூடாதென்று துடைத்திருக்கிறான், நல்ல மனுஷன் என்று கட்டடம் மெச்சிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் துடைத்தாள். காலையும் மாலையும், வருடக்கணக்கில். அவள் கம்பெனியை விடவில்லை, சரக்கையும் விடவில்லை. மேல் தட்டுக்குப் பூட்டு மட்டும் போட்டாள். சுவரில் மூத்தவளின் உயரத்தில் இருந்த கைத்தடங்கள் ஒவ்வொன்றும் போயின, கிரேயான் கோடுகள் போயின. ஒரு வீட்டில் ஒரு குழந்தை இருந்தது என்பதற்குப் போட்டோவைத் தவிர எதுவும் மிஞ்சாத அளவு துடைத்த பிறகு சின்னவன் பிறந்தான். பிறந்ததிலிருந்தே அவன் நெஞ்சில் யாரோ கதவைத் தேய்த்துத் திறப்பதுபோல ஒரு சத்தம். ஐந்து வயதில் அவன் இரண்டு படி ஏறி மூன்றாவதில் உட்காருவான். டாக்டரம்மா அவன் முதுகில் காதுக்குழாயை வைத்துக்கொண்டே கேட்டார்.

"வீட்ல என்ன ஊத்தித் துடைக்கிறீங்க?"

"கம்பெனி சரக்கு மேடம். கெட்டிது."

"இன்னையோட நிறுத்துங்க."

"அப்ப அழுக்கு?"

"அழுக்குல இவன் மூச்சு நிக்காதும்மா. நீங்க ஊத்துறதுலதான் நிக்கும்."

அவள் நிறுத்தினாள். முதலில் கடையில் பச்சை இலைப் படம் போட்ட ஒரு பாட்டிலை, இயற்கையானது என்று எழுதியிருந்ததை, நம்பி வாங்கினாள். மூடியைத் திருகியதுமே தெரிந்துவிட்டது. அதை அவளே நிரப்பியிருக்கிறாள். அதே பீப்பாய், கொஞ்சம் பச்சைச் சாயம், ஒன்றரை மடங்கு விலை. "என் கையாலேயே எனக்கு அல்வா குடுத்திருக்கேன்" என்று தையல்காரியிடம் சொன்னாள். அதன் பிறகு பாட்டிலில் இருக்கும் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை நாக்கில் வைக்க முடியுமா என்று மட்டும் பார்த்தாள். தரைக்கு வினிகர், சிங்குக்கு சமையல் சோடா, பாத்திரத்துக்கு உப்பு, துணிக்கு வாசனை இல்லாத கட்டி சோப்பைத் துருவிக் கரைத்த தண்ணீர். அலமாரியிலிருந்த பூச்சி உருண்டை, அறை வாசனைக்கு அடிக்கும் டப்பா, கொசுவுக்குக் கொளுத்தும் சுருள் எல்லாம் குப்பைக்குப் போயின. எலுமிச்சையும் நல்லது என்றார்கள், அதை மட்டும் அவள் வாங்கவில்லை. சேலையில் கம்பெனி வாசனை வருகிறது என்பதால் வேலையை விட்டு, முட்டை மொத்தக் கடையில் அட்டை அடுக்கப் போனாள். மாதம் திரும்புவதற்குள் சின்னவன் நெஞ்சில் கதவு தேய்வது குறைந்தது. அப்போதுதான் கறைகள் வந்தன.

அவை பின்னோக்கி வந்தன. ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஒரு மாதம் என்ற வேகம். சின்னவன் ஐந்து வயதில் சிந்திய மருந்து, நாலு வயதில் கொட்டிய மை, நடை பழகியபோது உடைத்த முட்டை எல்லாம் முறை தவறாமல் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போயின. வீட்டுக்காரர்கள் தாண்டி நடக்கப் பழகிவிட்டார்கள். விருந்தாளிகளுக்கு, "அது போன வருஷத்துது, மிதிக்கலாம்" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. துடைத்தது எங்கேயும் போய்விடவில்லை, அந்தச் சரக்கு அதை அமுக்கிப் பிடித்திருந்தது என்று பாட்டில்காரி மட்டும் சொன்னாள். அவளுக்குக் கணக்கு புரிந்திருந்தது. இது இப்படியே போனால், மூத்தவள் போன அந்தக் காலையும் ஒரு நாள் தரையில் வரும்.

லிப்ட்காரருக்கும் புரிந்திருந்தது. மனுஷன் சாப்பாட்டில் கை வைத்தபடியே தரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"ஒரே ஒரு தடவ பழைய சரக்கப் போட்டுத் துடைச்சிடும்மா. அதோட நின்னுடும்."

"அவன் மூச்சும் சேர்ந்து நின்னுடும்."

"வேணாம்னுதான் நானும் பாக்குறேன். உனக்குத் தாங்காதேன்னு சொல்றேன்."

"நான் பாக்கணுங்க. எங்க வெச்சேன்னு பாக்கணும். இத்தன வருஷமா அந்தப் பாட்டில ஒவ்வொரு எடத்துலயும் வெச்சு வெச்சுப் பாத்துட்டேன். நெஜமா எங்க வெச்சேன்னு ஒரு தடவ பாத்துட்டா போதும்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

அந்த நாள் இன்னும் சில வாரங்களில் வரும் என்றிருந்தபோது, அவர் மனைவியின் பழைய கம்பெனி வாசலில் நின்று, தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு ஜூஸ் பாட்டில் சரக்கு வாங்கினார். அவள் முட்டைக் கடைக்கும் பையன் பள்ளிக்கும் போன நேரத்தில் குளியலறையில் கால் பாட்டிலை ஊற்றித் துடைத்தார். ஜன்னலைத் திறந்து வைத்தார், விசிறியைப் போட்டார், நேரம் போனால் வாசனையும் போய்விடும் என்று நம்பினார். சின்னவன் பள்ளியிலிருந்து வந்து கால் கழுவ உள்ளே போனான். விழுந்த சத்தம்தான் வெளியே வந்தது. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. அவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினார். அவன் உதடு கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

பையன் பிழைத்தான். மூக்கில் குழாயோடு அவன் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலின் பக்கத்தில் பாட்டில்காரி வந்து உட்கார்ந்தாள். கணவரின் கையை எடுத்து மோந்து பார்த்தாள். எலுமிச்சை.

"எதுக்குங்க துடைச்சீங்க?"

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதானே? அப்ப நீங்க எதுக்குப் பயந்தீங்க?"

கேட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து, ஒருத்தர் மட்டும் இருக்கலாம், மற்றவர் வெளியே போங்கள் என்றதும் அவர் நன்றியோடு எழுந்து போனார்.

வீடு திரும்பியதும் அவள் சின்னவனைக் கீழே தையல்காரி வீட்டில் விட்டுவிட்டு, குளியலறையை வினிகராலும் வெந்நீராலும் மாறி மாறிக் கழுவினாள். எலுமிச்சை வாசனை சாக்கடை வழியாகக்கூடத் திரும்பி வராது என்று ஆகும்வரை கழுவினாள். குளியலறையில் நின்றுபோயிருந்த கறைகள் மெல்லத் தலைகாட்டின. தையல்காரியின் மெஷின் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்ட பையனை ஒரு நாள் அள்ளிக்கொண்டு மேலே வந்தாள். அதற்குப் பிறகு காத்திருந்தாள்.

அது ஒரு சாதாரணக் காலையில் வந்தது. குளியலறை வாசற்படியின் உள்பக்கம் பாட்டிலின் அடிவட்டம் மஞ்சளாக இருந்தது. அதைச் சுற்றிக் கருப்பு. கிரீஸ். வலது கை ஒன்று தரையில் ஊன்றி எழுந்த தடம். கட்டை விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் நான்கும் முழுசாக இருந்தன. ஆள்காட்டி விரல் நுனிக்கு முன்பே நின்றுபோயிருந்தது. பாட்டிலின் மூடி கிடந்த இடம்கூட ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தது. அதிலிருந்து விரலளவு தள்ளி, ஈரக் காலோடு வந்து நின்ற ஒரு பாதம். அது அவளுடைய உள்ளங்கையை விடச் சிறியது.

அவள் சத்தம் போடவில்லை. "இங்க வாங்க" என்றாள். வந்தார். "கையக் கொண்டாங்க" என்றாள். அவர் குனிந்து கையைத் தடத்தின் மேல் வைத்தார். உறை போட்டதுபோல் பொருந்தியது.

"போன் வந்துச்சு" என்றார். "மூடி வழுக்குச்சு. கை பூரா கிரீஸ். வந்து மூடிக்கலாம்னு..."

"வந்து துடைச்சீங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீயா சொல்லிட்டே, நான்தான்னு."

"நான் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டிருந்தீங்க."

அவ்வளவுதான் பேச்சு. சின்னவனுக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது, அவள் போய் அவனுக்குச் சட்டை போட்டுவிட்டாள். அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். அரிசி தீர்ந்துவிட்டது, கேஸ் வந்துவிட்டது என்பதைத் தவிர அவருடன் அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. அவர் கிரீஸ் கையைச் சமையல் எண்ணெயும் மரத்தூளும் போட்டு வாசலுக்கு வெளியே தேய்க்கப் பழகினார். முழுக்கப் போகாது. நகக்கண்ணில் கருப்பு நிற்கும், அந்தக் கையோடுதான் சாப்பிட்டார்.

அடுத்த நாளிலிருந்து மூத்தவள் வந்தாள். சுவர் முழுக்கக் கைத்தடங்கள், அலமாரிக் கதவில் ஜாம், கூடத்தில் கிரேயானில் போட்ட நாலு கால் பிராணி ஒன்று. அக்கா என்று ஒருத்தி இருந்ததைச் சின்னவனுக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் அவன் தன் உள்ளங்கையை அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தான்.

"அம்மா, அக்கா சின்னதாயிக்கிட்டே போறா."

"ஆமாடா. அவ அப்படித்தான்."

"இன்னும் எவ்வளவு சின்னதாவா?"

தடங்கள் சுவரில் கீழே இறங்கின. பிறகு சுவரை விட்டுத் தரைக்கு வந்து தவழ்ந்தன. பிறகு தவழவும் இல்லை. பழைய தொட்டில் தொங்கிய இடத்தில் ஒரு சொட்டுப் பால் மட்டும் வந்தது. அன்று அவள் முட்டைக் கடைக்குப் போகவில்லை. பக்கத்தில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லிப்ட்காரர் வாசற்படியைத் தாண்டாமல் நின்று பார்த்தார். சாயங்காலம் இருட்டியபோது அது இன்னும் இருந்தது.

காலையில் இல்லை. அந்த இடத்தில் யாரோ கொட்டிய நீல மை, பக்கத்தில் பெரிய செருப்புத் தடம் ஒன்று. மூத்தவளைக் கைக்குழந்தையாக எடுத்துக்கொண்டு அவர்கள் குடிவருவதற்கு முன்பு அங்கே இருந்தவர்களுடையதாக இருக்க வேண்டும். அவள் வாளியில் வினிகரைக் கலந்து அதன் மேலேயே துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சின்னவன் பள்ளி விட்டு மூன்று மாடியும் ஒரே ஓட்டமாக ஏறி வந்தான். மூச்சு வாங்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, "இது யாரோடதும்மா?" என்றான்.

"நமக்குத் தெரியாதவங்களுதுடா" என்றாள். "பாத்து மிதி."