பன்னிரண்டு மெகாபிக்சல்

பன்னிரண்டுதானா என்று கேட்டுவிட்டார் லத்தீஃபாம்மா, எங்க தங்கச்சி மக நஜ்மா போன்லயே இருநூறு மெகாபிக்சல் இருக்கே இசைவாணி, நீ இவ்வளோ பெருசாத் தூக்கிட்டு வந்திருக்கே... என்ன சொல்வது, பூதலூரிலிருந்து திருவாரூர் வரை பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த செகண்ட் ஹேண்ட் கேமரா. வெள்ளிக்கிழமை நிக்காஹ், பெண்கள் பக்கம் படமெடுக்க ஆண்களை விடமாட்டார்கள், இந்த ஒரு கல்யாணம் கிடைத்தால் இந்தத் தெருவே எனக்குத்தான், இல்லாவிட்டால் மறுபடி ஜெராக்ஸ் கடை, பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். சோதனைக்கு நானும் நஜ்மாவும் லத்தீஃபாம்மாவின் மகள், மணப்பெண் ஃபஹ்மிதாவை எடுத்தாயிற்று, முற்றத்து வெயிலில் ஒன்று, உள்ளறையில் ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று, இப்போது டிவியில் போட்டுப் பார்க்கிறார்கள். வெயிலில் நஜ்மாதான் ஜெயித்தாள், ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது, என்னுடையதைப் பெரிதாக்கினால் கலைகிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், எரிச்சலாகவும் இருக்கிறது.

வெளிச்சம் வாங்குகிற சென்சார் தகடு என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்களே... என் அம்மா நடவுக்குப் போகிறவள், நண்டோட நெல்லு, நரியோட கரும்பு என்பாள், நண்டு ஓட இடம்விட்டு நெல், நரி ஓட இடம்விட்டுக் கரும்பு, நெருக்கி நட்டால் நாற்றுதான் கூடும், கதிர் கூடாது. போனுக்குள் இருப்பது கையகல நிலம், அதில் இருபது கோடி புள்ளியை நெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் எவ்வளவு கிடைக்கும்? என்னுடையது பெரிய வயல், இடம்விட்டு நட்டது, மங்கலிலும் ஒவ்வொரு புள்ளியும் வயிறாரக் குடிக்கும். சொல்லியும் பார்த்தேன். “வயலப் பத்தி எனக்கென்னம்மா தெரியும், எங்களுக்கு ஜவுளிக்கடை” என்றார் லத்தீஃபாம்மா.

உள்ளறைப் படம் வந்தது. போனில் கருநீலத் துப்பட்டா ஒரே திட்டு, கன்னம் மெழுகிவிட்டது போல வழவழ, உதட்டு மச்சத்தையே காணோம். என்னுடையதில் மடிப்பெல்லாம் இருக்கிறது, மச்சம் இருக்கிறது, ஐயோ, பருத்தழும்பும் இருக்கிறது. “போன்லதான் புள்ள செவப்பாத் தெரியுது” என்றார் லத்தீஃபாம்மா, போச்சு, வயலாவது வரப்பாவது... ஃபஹ்மிதா எழுந்து டிவி அருகே போனாள், என் படத்தையே பார்த்தாள். “அம்மா, இதுலதான் நான் இருக்கேன். அது யாரோ.” லத்தீஃபாம்மா டியூப்லைட்டை அணைத்துவிட்டு வந்து மறுபடி பார்க்கிறார், மகளைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கிறது... இவ்வளவு நேரமும் கேமராவுக்காக வாதாடினேனே, உனக்கு எப்படித் தெரியணும் என்று அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டேனா? வெள்ளிக்கிழமை முதலில் அதைத்தான் கேட்க வேண்டும், வெள்ளிக்கிழமை எனக்குத்தானா...