திரை போதும் என்றேன்

குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு திரையை மாட்டிவிடலாம் என்று முடிவெடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். முடிவெடுத்துவிட்டால் மறுபேச்சுக் கிடையாது. வீட்டுக்காரர் அருள்நாதன் அதே பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். அவர் விசில் ஊதினால் மைதானமே அசையாமல் நிற்கும். போன ஆடி மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விளங்காமல் போய், பேச்சும் குழறிவிட்டது. ஆனால் இரண்டே மாதத்தில் நாலுகால் ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். டாக்டர் ஆச்சரியப்பட்டார். நான் படவில்லை. அந்த மனிதரின் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?

கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் மகன் பிரிட்டோ புரட்டாசியில் வந்து, படுக்கையறையை ஒட்டிய குளியலறையின் பழைய கதவை எடுத்துவிட்டு ஸ்லைடிங் கதவு போட்டுக்கொடுத்தான். பழையது உள்பக்கம் திறக்கும். அப்பா உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் தள்ளவே முடியாது என்று அவனுக்குப் பயம். இதில் மேலே ஒரு அலுமினிய டிராக். அதற்குள் சக்கரங்கள் ஓடும், கதவு அவற்றில் தொங்கும். தரையில் கால் தடுக்க எதுவும் இல்லை. விரலால் தொட்டாலே நகர்ந்தது. அவர் அன்றைக்கு நாலைந்து தடவை சும்மாவே திறந்து மூடிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விடுவது என் வழக்கம். புதுக் கதவை மட்டும் விடுவேனா? ஸ்டூல் போட்டு ஏறி, குச்சியில் பஞ்சைச் சுற்றி எண்ணெயில் முக்கி, டிராக் முழுக்கத் தடவினேன். கார்த்திகை பாதியில் கதவு மக்கர் பண்ண ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன். இன்னும் இறுகியது.

அதே சமயத்தில்தான் அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். செம்பை நிரப்பிக் கட்டிலருகே வைத்தால் இரண்டு வாய் குடிப்பார். மீதியை ஜன்னல் வழியாகச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவார். மார்கழியில் அந்தச் செடி பூத்த பூவைப் பார்த்துத்தான் விஷயமே எனக்குத் தெரிந்தது. நான் கத்துவேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் கிருமி என்றார் டாக்டர்.

"ரெண்டு லிட்டராவது குடிக்கணும் சார். இன்னொரு தடவ இப்பிடி வந்தீங்கன்னா டியூப் போட வேண்டியதுதான். வேற வழியில்ல."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவர் என்னிடம் பேசவில்லை. டியூபும் பையுமாகக் கிடப்பதை அவரால் தாங்க முடியாது. அது எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் குடிக்க மாட்டேன் என்கிறாரே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

புது வருடம் பிறந்த நாலாம் நாள் காலையில் கதவு பாதியில் நின்றுவிட்டது. நான் தோளைக் கொடுத்துத் தள்ளியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்த முடிவு. கதவு இருந்தால்தானே இந்தப் பாடு? திரை என்றால் நானும் சட்டென்று உள்ளே போய் வரலாம். பேகம்பூரில் ஸ்லைடிங் கதவு வேலை பார்க்கிற முகமது யாசினுக்குப் போன் போட்டேன். மறுநாள் பத்து மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. யாசினுக்கு நாற்பது வயதிருக்கும். இன்னும் கழற்றாத கிறிஸ்துமஸ் ஸ்டாரில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார்.

"கதவக் கழட்டிருங்க தம்பி. ஒரு கம்பி மட்டும் அடிச்சுக் குடுங்க, திரைய நான் மாட்டிக்கிறேன்" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், "வே... வேணாம்" என்றார்.

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க."

யாசின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கழட்டுறது அஞ்சு நிமிச வேல டீச்சரம்மா. அதுக்கு முன்னாடி என்னான்னு ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று கதவை இழுத்தார். ஒரு சாண் வந்து நின்றது. "எந்நேரமும் இப்பிடித்தானா?"

"காலையில அசையவே அசையாது. மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் பரவால்ல."

அவர் ஸ்டூலில் ஏறி டிராக்கிற்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். "என்ன எண்ணெய் விட்டீங்க?"

"செக்குல ஆட்டுன தேங்காயெண்ணெய். வாராவாரம் விடுவேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி மேசையில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டினார். "அது காலையில எப்பிடி இருக்கு டீச்சரம்மா?"

வெள்ளையாக உறைந்திருந்தது. சிறுமலைப் பக்கமிருந்து வருகிற மார்கழிக் குளிரில் ஊரிலுள்ள எல்லா எண்ணெய்ப் பாட்டிலும் அப்படித்தான் இருக்கும். தினமும் வெயிலில் வைத்து உருக்கித்தான் நானே தலைக்குத் தடவுகிறேன்.

"கீலுக்கு எண்ணெய் விடலாம், தப்பில்ல. இதுக்கு ஆகாது. தூசி, பவுடரு, பஞ்சு அம்புட்டும் எண்ணெயில ஒட்டிப் பசையாயிரும். குளிருக்கு அப்பிடியே இறுகிரும். வெயில் ஏறுனா இளகும்."

 டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுக்கையறை. பேச்சு தெளிவாகக் கேட்டது.

"சார், உங்களுக்குத் திரை போதுமா?" என்று யாசின் கேட்டார்.

 வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நிறைய நேரமாகும். நான் பக்கத்தில் இருந்தால் மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். யாசின் பேசாமல் காத்திருந்தார்.

"காலையில... திறக்க முடியல தம்பி. கம்ப விட்டாத்தான்... இழுக்க முடியும். விட்டா... விழுந்துருவேன். ஒருநா... நின்ன எடத்துலயே... போயிருச்சு. அதான்... தண்ணி குடிக்கிறதில்ல."

 அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தரையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு சத்தம் குடுக்கப்படாதா, சின்னப்புள்ளயா நீங்க" என்று கேட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவர் "ராணி, கதவு..." என்று ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும், "கதவுதான, எண்ணெய் விட்டுட்டேன்" என்று நான் முடித்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவளிடம் சொல்ல முடியாததை, வந்து கால் மணி நேரம்கூட ஆகாத ஒருவரிடம் சொல்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு டீயோடு போனேன். "தம்பி, திரை வேணாம். கதவையே சரி பண்ணிக் குடுங்க."

கதவு ஏற்கனவே கீழே இறங்கிச் சுவரில் சாய்ந்திருந்தது. யாசின் டிராக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அப்பவே ஆரம்பிச்சுட்டேன் டீச்சரம்மா" என்றார்.

பழுப்பு நிறத்தில் பசை உருண்டை உருண்டையாக வந்தது. சக்கரங்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். அவற்றின் அச்சில் என் பஞ்சு நூலாகத் திரிந்து சுற்றியிருந்ததைக் குறட்டால் இழுத்து எடுத்தார். தேய்ந்துபோன ஒன்றுக்குப் பதிலாகப் பையிலிருந்து புதிதாக ஒன்றைப் போட்டார். கதவை மறுபடி தொங்கவிட்டு, திருகை ஏற்றி இறக்கி மட்டம் பார்த்தார். "மாசம் ஒருக்கா காஞ்ச துணியால தொடச்சாப் போதும். எண்ணெய் பக்கமே போயிராதீங்க" என்றார்.

அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் முடிக்கவில்லை. "சார், செத்த எந்திரிச்சு வாங்க. நீங்க எப்பிடி நிப்பீங்கன்னு பாக்கணும்" என்றார். இவர் ஊன்றுகோலோடு கதவருகே போய் நின்றார். கதவில் கைப்பிடி என்று இருந்தது விரல் நுழைகிற ஒரு சின்னக் குழிதான். கம்பைப் பிடித்த கை அதில் எப்படி நுழையும்? இவ்வளவு நாளும் அந்தக் குழி என் கண்ணில் பட்டதே இல்லை. யாசின் இவருடைய முழங்கை உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, உள்ளேயும் வெளியேயும் நீளமான கைப்பிடியைப் பொருத்தினார். கம்பை விடாமலே முழங்கையால் தள்ளிக்கொள்ளலாம்.

"தாழ்ப்பாள் போடவா?"

"வேணவே வேணாம். உள்ள விழுந்துட்டாருன்னா?" என்றேன்.

இவர் வாயைத் திறந்தார். எனக்கு நாக்கு நுனி வரை வார்த்தை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே காய்கறி வண்டிக்காரர் தெருமுனையில் கூவ ஆரம்பித்து எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

"போ...டுங்க" என்றார்.

யாசின் பையிலிருந்து ஒரு தாழ்ப்பாளை எடுத்து என்னிடம் காட்டினார். வெளிப்பக்கம் ஒரு கீறல் இருந்தது. அவசரமென்றால் ஒரு ரூபாய்க் காசை அதில் விட்டுத் திருகினால் திறந்துகொள்ளும். "காசு உங்ககிட்ட இருக்கட்டும் டீச்சரம்மா. ஆனா சார் கூப்புட்டாத் திறங்க" என்றார். தலையை ஆட்டினேன்.

யாசின் போன பிறகு செம்பை நிரப்பிக் கட்டிலருகே வைத்தேன். குடிங்க என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்க்கவும் இல்லை. இவர் செம்பைத் தூக்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். கொஞ்சம் நிறுத்தி மீதியையும் குடித்தார். முகவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து எழுந்தார். பழக்க தோஷத்தில் நானும் எழுந்து பின்னாலேயே போனேன். முழங்கையை வைத்தார். கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது. உள்ளே போய்த் திரும்பி, வாசலில் நிற்கிற என்னைப் பார்த்தார். பிறகு கதவு மெதுவாக என் முகத்துக்கு நேரே வந்து மூடியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

இத்தனை வருடத்தில் அவர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதே இல்லை. நான் அங்கேயே நின்று, சத்தம் வராமல் அழுதேன்.

"ராணி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. காத்திருந்தேன். "நீ... போ."

போனேன். போய்ச் செம்பை நிரப்பி வைத்தேன்.