லைன்மேன் மிச்சம் விட்ட ஒயர்

தையல்காரியின் வீடு முதன்முதலாக நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு முழம், பின்பக்கமாக, சத்தமே இல்லாமல். அடுப்பிலிருந்த பால்கூடத் தளும்பவில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் புதிதாக ஒரு முழம் மண் தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு முதல் நாள்தான் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர், பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் வரிசையில் அவளைப் பார்த்ததாகக் கடையில் வைத்துச் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் இவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. லாரி ஓட்டிய அவள் புருஷன் ஏன் இளைத்து இளைத்துச் செத்தான் என்பதைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர்களுக்கு.

அதன் பிறகு யாராவது அவளைக் கண்டு ஒதுங்கினால் வீடு நகர்ந்தது. தைக்கக் கொடுத்த துணியை ஒருத்தி வெட்டாமலே திருப்பி வாங்கிப்போனாள், ஒரு முழம். குழாயடியில் அவள் குடம் வைத்த இடத்தைத் தேய்த்துக் கழுவினார்கள், இரண்டு முழம். மகளோடு விளையாட வந்த பிள்ளையை அதன் அம்மா காதைப் பிடித்து இழுத்துப்போன அன்று ஒரேயடியாக ஒரு லாரி நீளம் போய்விட்டது. தெருவுக்குப் பின்னால் தண்ணீர் நின்ற பழைய கல்குவாரி. இந்தத் தெருவே இப்படியென்றால் வேறெங்கே போய் வீடு கேட்பது? மகளுக்கு நோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. வேளை தவறாமல் மாத்திரை போட்டால் மகள் கல்யாணத்துக்கு நீங்களே துணி தைக்கலாம் என்று நர்ஸ் வேறு அடித்துச் சொல்லியிருந்தார். ஆக, உடம்பு அதுவரை தாங்கும். வீடுதான் தாங்குமா என்று தெரியவில்லை.

வீடு போகப்போகக் கரண்ட் ஒயர் விறைத்து, கடைசியில் அறுந்தது. நகரும் வீட்டைப் பற்றி மின்சார ஆபீசில் விதி எதுவும் இல்லாததால் லைன்மேனை அனுப்பினார்கள். குண்டு மனிதர், எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்வார். ஒட்டுப்போட்டு நீட்டிக் கட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே டீ கேட்டார்.

"எனக்கு என்ன வியாதின்னு தெரியுமில்ல?"

"தெரு முழுக்க அதத்தானே பேசுது. டீத்தூள் இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்கக்கா."

அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் குடிக்கும் டம்ளரிலேயே குடித்து, சர்க்கரை கம்மி என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார். தன் டீயில் குறை சொல்லவாவது ஓர் ஆள் வந்ததே என்று அவள் தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதாள். மறுநாள் பார்த்தால் வீடு ஒரு முழம் முன்னால் வந்திருந்தது. ஒயர் தொய்ந்து தரையைத் தொட்டது.

லைன்மேன் அதைத் தன் தொழிலுக்கு வந்த இழுக்காக எடுத்துக்கொண்டார். மிச்சத்தை வெட்டிக் கட்டினார், டீ குடித்தார், மறுநாள் மறுபடியும் தொய்ந்தது. "என் சர்வீஸ்ல அளவு தப்புனதே இல்லக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். தெரு ஒரு பக்கம் தள்ள, இவர் டீ ஒரு பக்கம் இழுக்க, வீடு சில காலம் அப்படியே ஊசலாடியது. அப்புறம் லைன்மேன் காலை உடைத்துக்கொண்டு லீவில் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் வாசப்படி ஏறாமல், டீயும் கேட்காமல், ஒயரை மட்டும் நீட்டி நீட்டிக் கட்டிவிட்டுப் போனார். அந்த மாதமே வீடு குவாரி விளிம்புக்கு வந்துவிட்டது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே தரை இல்லை.

அப்போதுதான் மளிகைக்கடைக்காரர் வந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"எனக்கும் அதேதான் தங்கச்சி. அன்னைக்கு உன்னப் பார்த்ததும் மாத்திரை வாங்காமலே ஓடி வந்துட்டேன். நீ சொல்லிடுவியோன்னு பயந்து நான் முந்திக்கிட்டேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கு அண்ணே உங்க நியாயம்! எம்பொண்ணு படுக்கிற பாய்க்கு அடியில தரை இருக்கான்னு தடவிப் பாத்துட்டுப் படுக்கிறேன் நான்!"

வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அவர் வீடும் கிளம்பியிருக்கும். ஆனால் தொளதொளத்த அந்தச் சட்டையில் அவளுக்குப் புருஷன் தெரிந்தான். வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, மாத்திரை பக்கமே போகாமல் செத்தவன்.

"உள்ள வாங்க. டீயைக் குடிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

இருவரும் தெருவழியே சேர்ந்து நடந்து போய், அதே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். திரும்பி வந்தபோது ஜன்னலுக்கு வெளியே தரை இருந்தது. உடம்பு தேறியதும் அவர் அதே கடையில், பருப்பு நிறுத்துக்கொண்டே, தன் கதையையும் சொன்னார். மறுநாள் அவர் வீடு ஒரு முழம் நகர்ந்தது. தையல்காரி துணிகளை அள்ளிக்கொண்டு போய் அவர் கூடத்தில் உட்கார்ந்து, "அண்ணி, டீ போடுங்க" என்றாள். மத்தியானத்துக்குள் வீடு பழைய இடத்தில் நின்றது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் டீ கிடைத்தது. துணியைத் திருப்பி வாங்கியவளும் வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கை கொஞ்சம் தொளதொளப்பாக வைக்கச் சொன்னாள். அவளை நிறுத்தி அளவெடுத்தபோது தையல்காரி வீடு முழுசாகத் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

நொண்டிக்கொண்டு திரும்பிவந்த லைன்மேன் வாசலில் குவிந்து கிடந்த ஒயரைப் பார்த்தார். இந்த முறை வெட்டவில்லை. சுருட்டிக் கம்பத்திலேயே மாட்டினார். "இருக்கட்டும்க்கா. இந்தத் தெருவ நம்ப முடியாது."

சுருள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. குடிவருபவர்கள் கேட்டால், வீடு நகர்ந்தால் தேவைப்படும் என்று சொல்கிறார்கள். மகள் கல்யாணத் துணியைத் தையல்காரியே தைத்தாள். லைன்மேன் ரிட்டையர் ஆன பிறகும் டீக்கு வருகிறார், சர்க்கரை கம்மி என்கிறார். டப்பா நிறையச் சர்க்கரை இருந்தும், அவர் டம்ளரில் மட்டும் அவள் கம்மியாகத்தான் போடுகிறாள்.