சஹனில் நாலாவது கை

குர்லாவில் சூட்கேஸ் கடை வைத்திருந்த முப்பத்தெட்டு வருஷத்தில், இந்த வலது கை ஒன்றாலேயே எட்டுப் பெட்டியைத் தூக்கியிருக்கிறேன். நாலுதான் என்று திருத்த என் மனைவி மதீனா பீவி இப்போது உயிரோடு இல்லை. ஆகவே எட்டு.

போன வருஷம் பக்கவாதம் வந்து அந்தக் கையைப் படுக்கப் போட்டது. வாயைத் தொடவில்லை. தொட்டிருந்தால் செம்பூரே நிம்மதியாக இருந்திருக்கும் என்றாராம் கீழ்வீட்டுக்காரர்.

அதிலிருந்து நான் வெளியே சாப்பிடுவதில்லை. பத்துப் பேர் பார்க்க இடது கையால் சோறு எடுக்க மனசு வரவில்லை. வீட்டில் இடது கையில் ஸ்பூன், எதிரே டிவி. மராத்திச் செய்தி வாசிக்கிற பெண் ஒருத்திதான் பதினொரு மாதமாக என்னோடு சாப்பாட்டுக்கு உட்காருகிறவள். அவளும் நடுவில் விளம்பரத்துக்குப் போய்விடுவாள்.

அப்போது ஜெயினுலாப்தீன் போன் செய்தான். கடை நாள் கூட்டாளி; எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்கு என்னைக் காக்கா என்பான்.

"காக்கா, பேத்தி பரீஹாவுக்கு நிக்காஹ். சுனாபட்டி ஹால்ல பகல் சாப்பாடு, சஹன்தான். உங்களுக்கு மட்டும் தனித் தட்டும் ஸ்பூனும் சொல்லிட்டேன், கவலைப்படாதீங்க."

சஹன் என்றால் தாம்பாளம் மாதிரிப் பெரிய தட்டு. காயல்பட்டினத்துக்காரர்கள் நாங்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒன்றிலேயே கைவைத்துச் சாப்பிடுவோம். அங்கே போய் எனக்குத் தனித் தட்டா!

"தட்டெல்லாம் எதுக்கு? கை குணமாகி மூணு மாசமாச்சு. நேத்து சீலிங் ஃபேனையே கழட்டித் துடைச்சு மாட்டினேன்."

"ஒத்தைக் கையாலயா?"

"இன்னொரு கையில டீ இருந்துச்சு."

சொல்லிவிட்டேன். நிக்காஹுக்கு இருந்தது பதினெட்டு நாள். வலது கையோ ஒரு பட்டாணியைக்கூடப் பிடிக்காது.

செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி தர வரும் ருக்சானாவிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, விக்கெட் கீப்பர் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து என் இடது கையில் மாட்டிக் கட்டினாள்.

"நல்ல கை ஓடியாடி வேலை செய்யிற வரைக்கும் இந்தச் சோம்பேறி எழும்பாது சாச்சா. தினம் மூணு மணி நேரம் பூட்டு."

பட்டாணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். முதல் நாள் தப்பிய பட்டாணிகளில் ஒன்று டிராம்பே வரை உருண்டது. அடுத்து துணிக்குக் குத்துகிற கிளிப், கோதுமை மாவு உருண்டை, கடைசியில் குழைந்த சோறு. ஒருநாள் கையுறையோடு இருக்கும்போது துபாயிலிருந்து மகன் போன். வலது கை மேஜையில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி நின்றுவிட்டது. அவன் மறுபடி கூப்பிடவில்லை. அன்றைக்கு மூணு மணி நேரத்தை ஆறாக்கினேன். இதை மட்டும் கூட்டிச் சொல்லவில்லை.

நிக்காஹ் அன்று சஹனைச் சுற்றி ஜெயினுலாப்தீன், அவன் மருமகன் தௌஃபீக், தௌஃபீக்கின் தம்பி ராஹில், நாலாவதாக நான். ருக்சானா சொன்னபடி முட்டியில் முழங்கையை ஊன்றினேன். முதல் பிடி நெய்ச்சோற்றில் ஒன்பது பருக்கை வாய்க்கு வந்தது. மீதி ஜெயினுலாப்தீன் பக்கம் கொட்டியது.

"ஃபேன் துடைச்ச கைதானே காக்கா?" என்றான். சொல்லிக்கொண்டே நல்ல வெந்த கறித்துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினான்.

சஹனில் ஒரு வழக்கம். கடைசி ஆள் முடிக்கும்வரை மற்றவர்கள் எழக் கூடாது. பக்கத்துச் சஹன்களெல்லாம் எடுத்துப் போயாகிவிட்டது. நான் பாதியில் இருந்தேன்.

"மாமா, அடுத்த பந்திக்கு ஆள் நிக்குது" என்று தௌஃபீக் முணுமுணுத்தான்.

"நிக்கட்டும். நீ உக்காரு" என்றான் ஜெயினுலாப்தீன்.

சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பேசினார்கள். ராஹில் என் பெட்டிக் கதையைக் கேட்டான், பன்னிரண்டு என்றேன். எனக்கு எதிரே மூன்று முகங்கள். ஒன்றுகூட விளம்பரத்துக்குப் போகவில்லை.

கடைசி உருண்டை. அதற்குள் கை பழகிவிட்டிருந்தது. சிந்தாமல் உதடுவரை நேராக வந்தது. வாயில் போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். எனக்கு செம்பூருக்கு ஆட்டோ பிடித்துத் தருவார்கள்.

விரலைக் கொஞ்சம் தளர்த்தினேன். உருண்டை சஹனில் விழுந்து உதிர்ந்தது.

"அடடா, போச்சே" என்றேன். பருக்கை பருக்கையாகப் பொறுக்க ஆரம்பித்தேன்.